அம்மாவின் விரலுக்குத் திறக்காத பூட்டு

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், டியூஷன் முடிந்து வந்த என் மகன் வீட்டுச் சாவியை மூன்றாவது முறையாகத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றான். தெருவாசல் கதவுக்கு, எண்ணாலோ அட்டையாலோ கைரேகையாலோ திறக்கும் மின்னணுப் பூட்டான ஸ்மார்ட் லாக் ஒன்றை மாட்டிவிடலாம் என்று நானும் மனைவியும் அன்றிரவு முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் பூட்டு என்பதை முடிவு செய்யத்தான் ஏழு வாரங்கள் பிடித்தன. இந்தப் பூட்டுகள் இப்போது ஏறக்குறைய 7,000 ரூபாயில் தொடங்கி 30,000 ரூபாயைத் தாண்டியும் விற்கின்றன. விளம்பரங்களோ பெரும்பாலும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் வழவழப்பான ஒற்றைக் கதவை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. தண்டையார்பேட்டையில், கடலிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில், தாத்தா காலத்துத் தேக்குக் கதவோடு நிற்கும் ஒரு வீட்டுக்கு அவற்றில் பதில் கிடையாது. இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கும் நண்பர்கள் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டதால், நான் கண்டவற்றையும் என் கருத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைக்குப் போனவுடன் காட்டப்படுவது கைரேகைதான். விற்பனையாளர் தம் விரலை வைப்பார், உடனே திறக்கும். நாம் வைப்போம், நமக்கும் திறக்கும். ஆனால் எங்கள் வீட்டில் பகல் முழுவதும் அந்தக் கதவைத் திறந்து மூடுபவர் 71 வயதான என் அம்மா. அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காசிமேட்டில் இறால் உரித்தவர். ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வந்த நாளிலிருந்து அவருடைய விரல் அதில் ஒழுங்காகப் பதிந்ததில்லை. ஈரத் துணியில் துடைத்து, சேலைத் தலைப்பில் தேய்த்து, பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னையோ என் மனைவியையோ வரச்சொல்லி ஆள் அனுப்புவார்.

இதற்குக் காரணம் எளியது. இன்றைய பூட்டுகள் பெரும்பாலானவற்றில் உள்ள கைரேகை உணரி, தோலின் மேடு தொடும் இடத்துக்கும் பள்ளம் விலகி நிற்கும் இடத்துக்கும் உள்ள நுண்ணிய மின் வேறுபாட்டை அளந்துதான் ரேகையைப் படிக்கிறது. மேடே தேய்ந்துபோன விரலில் அதற்குப் படிக்க அதிகம் இருப்பதில்லை. தோல் வறண்டிருந்தாலும் தடுமாறும், கை ஈரமாக இருந்தாலும் தடுமாறும். பனிக்கட்டியிலும் உப்பிலும் சிமெண்டிலும் சலவைச் சோடாவிலும் வேலை செய்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் பகுதியில் இதைக் கடைக்காரர்களே முதலில் கேட்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு அம்மாவையே அழைத்துப்போனேன். பத்து முறை விரல் வைத்ததில் நான்கு முறை திறந்தது. "கொஞ்சம் அழுத்தி வைங்கம்மா" என்றார் கடைக்காரர். "ரேஷன் கடைல இருக்குற தம்பியும் இதையேதான்பா சொல்லுது" என்றார் அம்மா. கைரேகையை மட்டுமே பெரிதாக நம்பும் பூட்டு எங்களுக்கு வேண்டாம் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. பல பூட்டுகள் நான்கைந்து முறை தவறினால் சில நிமிடங்களுக்கு எதையும் ஏற்காமல் நின்றுவிடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்து வெயிலில் நிற்பவருக்கு அது சிறிய விஷயமல்ல.

அடுத்தது, நம் பகுதி வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல்: கிரில் கேட். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கேட் இல்லாத வீட்டை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. அந்தக் கேட்டில் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கும். (அந்தப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் வீட்டுப் பூட்டு அதற்கெல்லாம் வெகு முன்பே அப்பா வாங்கியது, இன்றும் ஒரு சொட்டு எண்ணெயில் ஓடுகிறது.) உள்கதவுக்கு 18,000 ரூபாயில் ஸ்மார்ட் லாக் மாட்டிவிட்டு, வெளியே கிளம்பும்போது கிரில் கேட்டில் பழைய பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டால், செலவழித்த பணத்துக்கு என்ன பொருள்? எந்தச் சாவியை என் மகன் தொலைக்கிறானோ அந்தச் சாவி அப்படியேதான் இருக்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் இதுதான் நடக்கிறது. கேட்டுக்கே மின்னணுப் பூட்டு மாட்டலாம் என்றால், அதற்கு மழையும் வெயிலும் நேராகப் படுமே என்ற கேள்வி வருகிறது. ஆகவே பூட்டின் விலையை விசாரிப்பதற்கு முன்பே, பகலில் இரண்டில் எந்தக் கதவைப் பூட்டப்போகிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் பகலில் கிரில் கேட்டை வெறுமனே தாழிடுவது, இரவில் அதை உள்பக்கமாகப் பூட்டுவது, ஊருக்குப் போனால் மட்டும் வெளியே திண்டுக்கல் பூட்டைப் போடுவது என்று வகுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அப்பா இருந்தவரை கேட் பூட்டாமல் கிடந்ததில்லை என்பது அவர் வாதம்.

கதவுக்கு வருகிறேன். சந்தையில் கிடைப்பவற்றில் ஒரு வகை, கதவின் பக்கவாட்டு விளிம்பைக் குடைந்து உள்ளே பொருத்துவது. மார்ட்டைஸ் பூட்டு என்பார்கள். மற்றது கதவின் உள்முகத்தில் பெட்டிபோல் திருகி மாட்டுவது. இதை ரிம் லாக் என்பார்கள். முதல் வகைக்குக் கதவு குறைந்தது 35 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. கதவுச் சட்டத்தின் அகலமும் போதுமானதாக இருக்க வேண்டும். எங்களுடையது இரட்டைக் கதவு, ஓரச் சட்டம் குறுகலானது, நடுவில் செதுக்கு வேலை. ஆசாரி அளந்து பார்த்துவிட்டு, இதைக் குடைந்தால் கதவின் பாதி பலம் போய்விடும் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது: இரட்டைக் கதவில் ஒரு கதவில் எவ்வளவு விலையுயர்ந்த பூட்டை மாட்டினாலும், அசையாமல் நிற்க வேண்டிய மற்றக் கதவை மேலும் கீழும் பிடித்திருக்கும் தாழ்ப்பாள்கள் ஆட்டம் கண்டிருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே தள்ளில் திறந்துவிடலாம். எங்கள் வீட்டில் கீழ்த்தாழ்ப்பாள் இறங்கும் குழி மண் அடைத்து, அரை அங்குலம்கூட இறங்காமல் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. கைரேகையைப் போலி செய்ய முடியுமா, மின்காந்த அலையால் திறக்க முடியுமா என்று இணையத்தில் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு கடப்பாரைக்கு எங்கள் கதவு நிலை எத்தனை நிமிடம் தாங்கும் என்று யோசித்திருக்கவில்லை. நிலையில் பூட்டு நாக்கு போய் விழும் தகட்டைப் பெட்டியோடு வந்த குட்டைத் திருகுகளுக்குப் பதிலாக மூன்று அங்குலத் திருகுகளால் இறுக்கியது, தாழ்ப்பாள்களை மாற்றியது, நிலையின் அடியில் செல் அரித்த பகுதியை வெட்டி ஒட்டியது ஆகியவற்றுக்கு ஆன செலவு பூட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பணத்தைச் செலவழித்ததில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கதவு நிலையில் இடிக்கும் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கையால் சாவி திருப்பும்போது நாம் தோளால் கதவை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் திருப்புவோம். மோட்டாருக்குத் தோள் கிடையாது. நாக்கு துளைக்கு நேராக இல்லையென்றால் அது முட்டி முட்டிப் பேட்டரியைத் தீர்க்கும்.

பேட்டரி என்றதும் என் தங்கை வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். கொளத்தூரில் அவள் குடியிருக்கும் வீட்டுக் கதவில் ஒரு ஸ்மார்ட் லாக் இருக்கிறது. சில வாரங்களாகவே அது சிவப்பு விளக்கைக் காட்டி எச்சரித்துக்கொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு ஞாயிறு இரவு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது பூட்டு மூச்சுவிடவில்லை. அவசரச் சாவி உண்டு; அது மிகவும் பத்திரமாக, வீட்டுக்குள், பீரோவில் இருந்தது. அந்தப் பூட்டின் அடிப்பகுதியில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருப்பதையும், 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்றை அவற்றின்மேல் அழுத்திப் பிடித்தபடி எண்ணை அழுத்தினால் திறக்கும் என்பதையும் மைத்துனர் செல்பேசியில் தேடிக் கண்டுபிடித்தார். இரவு பத்தரை மணிக்கு அந்தப் பேட்டரியைத் தேடி அவர் எத்தனை கடை ஏறினார் என்பதை இன்றுவரை எல்லா விசேஷங்களிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிய பூட்டுகள் சிலவற்றில் இந்தப் புள்ளிகளுக்குப் பதிலாக யுஎஸ்பி துளை இருக்கிறது. பவர் பேங்க் போதும் என்பதால் நான் அதையே விரும்புவேன். பேட்டரி மாற்றும்போது ஆல்கலைன் வகையையே போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகளின் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிட்டுத் திடீரென்று சரிவதால், பூட்டு முன்கூட்டியே எச்சரிக்க வழியில்லாமல் போய்விடும்.

வைஃபை, செயலி, வெளியூரிலிருந்தே கதவைத் திறப்பது ஆகியவற்றில் எனக்கு ஆர்வமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, செல்பேசிச் சிக்னலும் இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் வீடு திரும்பியவருக்கு இணையத்தை நம்பிய எந்த வசதியும் உதவியிருக்காது. புயல் வேண்டியதில்லை, நிறுவனத்தின் ஒரு தவறே போதும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்னும் நிறுவனம் இணையம் வழியே அனுப்பிய மென்பொருள் புதுப்பிப்பு தவறான மாடலுக்குப் போய்ச்சேர்ந்ததால், ஏறக்குறைய 500 வாடிக்கையாளர்களின் பூட்டுகளில் எண்பலகை வேலை செய்யாமல் போனது. சாதாரணச் சாவித் துளை இருந்ததால் கதவைத் திறக்க முடிந்தது. சாவித் துளையே இல்லாத மாடல்களைப் பெருமையாகக் காட்டும் விற்பனையாளர்களிடம் நான் இந்தச் சம்பவத்தைச் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் அமெரிக்காவில் சார் என்றார்கள்.

இவற்றோடு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று செல்பேசிக்கு வந்துவிழும் குறிப்புகளும் எனக்குப் பிடிக்கவில்லை. செவிலியராக மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் என் மனைவி, "நான் எப்ப வந்தேன்னு நீங்க ஆபீஸ்ல உக்காந்து பாக்கணுமா?" என்று கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.

கடற்காற்றைப் பற்றி எந்தக் கடையிலும் பேச்சே எழவில்லை. எங்கள் கிரில் கேட்டுக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தும் துரு பிடிக்கிறது. முலாம் பூசிய துத்தநாகக் கலவைக் கைப்பிடி பார்க்கப் பளபளக்கும், முலாமில் ஒரு கீறல் விழுந்ததும் பொரிந்து உதிரத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற வகையைவிட, மாலிப்டினம் கலந்த 316 வகைதான் உப்புக்குத் தாங்கும். பூட்டுகளில் அது அரிதாகவே கிடைக்கிறது. கிடைக்காதபோது, வெளிப்பக்கம் உலோகம் குறைவாகத் தெரியும் மாடலைத் தேர்ந்தெடுப்பதும், வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவதும்தான் வழி.

வாங்குவதற்கு முந்தைய நாள் வரை என் மனத்தில் தோன்றாத ஒன்றை அம்மாதான் சொன்னார். கதவை மூடிய சில நொடிகளில் தானாகவே பூட்டிக்கொள்ளும் வசதியை நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். "விடிகாலைல கோலம் போட வெளிய போவேன், காத்துல கதவு சாத்திக்கும். கோலப்பொடியோட நான் தெருவுல நிக்கணுமா?" என்றார். அந்த வசதியை அணைத்துவைக்க முடியாத மாடல் இரண்டை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். உள்ளிருந்து வெளியே வருவதற்கு மின்சாரமோ எண்ணோ தேவைப்படாமல், குமிழைத் திருப்பினாலே திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அடுப்பங்கரையில் தீப்பிடித்தால் யாரும் எண்ணை நினைவுபடுத்திக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

கடைசியில் வாங்கியது, எண்பலகையும் அட்டையும் கைரேகையும் சாவித் துளையும் கொண்ட ஒரு ரிம் லாக். வைஃபை கிடையாது. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான் அமையும் என்பதால் ஆறு இலக்கம் வைத்தோம். பிறந்த தேதி கூடாது என்று மகனுக்குக் கட்டளை. எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத இலக்கங்களைச் சேர்த்து அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும் வசதி இருப்பதால், பக்கத்தில் நிற்பவர் பார்த்து மனப்பாடம் செய்வது கடினம். என் கைரேகையைப் பதிந்திருக்கிறேன். அது பூட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறதா, நிறுவனத்தின் கணினிக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பதிந்தேன். எண் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது.

அவசரச் சாவிகளில் ஒன்று தங்கை வீட்டில், ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம். அம்மாவுக்கு அட்டை. சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே அது இருக்கிறது. வெளியே எடுக்காமல் பையோடு சேர்த்துப் பூட்டின்மேல் வைத்தாலே திறந்துகொள்கிறது என்பதை அவரே இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். எட்டு மாதங்கள் ஆகின்றன, ஒருமுறை பேட்டரி மாற்றியிருக்கிறேன். மகன் இதுவரை எதையும் தொலைக்கவில்லை. அம்மா மட்டும் பகலில் கிரில் கேட்டில் திண்டுக்கல் பூட்டைச் சில நாள் போட்டுவிடுகிறார், அந்த நாள்களில் நாங்கள் வெளியே நின்று அவரைக் கூப்பிடுகிறோம்.