அம்மா கண்டுபிடித்த அகழி

போன வருஷம் அம்மாவையும் என் பையனையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி இருப்பது ஃபுளோரிடாவில். அங்கே டிஸ்னிக்கு நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அவன் தேர்ந்தெடுத்தது அனிமல் கிங்டம். அதற்குள் வண்டியில் போய் விலங்குகளைப் பார்க்கிற கிளிமஞ்சாரோ சஃபாரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சவாரி இருபது நிமிஷம்தான். அம்மா அதில் சொன்னதை நான் ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா தடாகத்தில் இருக்கிறார். கோவையிலிருந்து ஆனைகட்டி போகும் வழி, இரண்டு பக்கமும் மலை. மூன்று ஏக்கர் வாழை, நான்கு மாடு. இராத்திரி நாய் குரைக்கிற விதத்தை வைத்தே வந்திருப்பது பன்றியா யானையா என்று சொல்லிவிடுவார்.

சவாரி வண்டி ஒரு பெரிய லாரி மாதிரி. பக்கவாட்டில் கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஓட்டுகிறவரே பேசிக்கொண்டே ஓட்டுகிறார். 1998 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று பூங்கா திறந்தபோதே இந்தச் சவாரியும் தொடங்கிவிட்டது. சவாரிக்கான இடம் மட்டும் சுமார் 110 ஏக்கர். நீர்யானை, முதலை எல்லாம் வரிசையாக வந்தன. என் பையன் கத்திக்கொண்டே இருந்தான். அம்மா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் வண்டி போய் வரி விழுந்த இட்டேரி மாதிரி, ஒரே குலுக்கல். கொஞ்ச நேரம் கழித்து, "இது மண்ணில்ல கண்ணு, சிமிட்டி" என்றார். உண்மைதான். கான்கிரீட் போட்டு, ஈரத்திலேயே டயர் தடமும் குச்சியும் கல்லும் பதித்த பாதை அது. அடுத்து பாவோபாப் மரம் வந்தது, நம் பக்கம் ஆனைப்புளி என்பார்களே, அது. "இதும் நெசமான மரமில்ல. எலை பாரு." அதுவும் சரி.

அப்புறம் மாடுகள் வந்தன. ஆப்பிரிக்காவின் அங்கோலே மாடுகள். சிவப்பு நிறம். கொம்பு ஒவ்வொன்றும் அடியில் ஆள் தொடை கனம், மேலே போகப் போக இரண்டு கையையும் விரித்த மாதிரி அகலம். வண்டியிலிருந்த மற்றவர்கள் ஒட்டகச்சிவிங்கி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்தே நின்றுவிட்டார். அவர் பிறந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். அவருடைய அப்பா வீட்டில் ஒரு காலத்தில் எட்டு ஜோடி இருந்ததாம். திமில், கழுத்து மடிப்பு, குளம்பு என்று ஒவ்வொன்றாக எங்களுக்குக் காட்டினார். "நல்லா வெச்சிருக்காங்க சாமி. தோலு மினுமினுங்குது. ஈயே இல்ல பாரு." சந்தையில் மாடு பார்க்கிற அதே கண். அந்த ஐந்து நிமிஷம்தான் அந்தப் பயணம் முழுக்க அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம். அதற்காகவே அந்தச் சவாரிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து யானைகள். ஆப்பிரிக்க யானை, காது முறம் முறமாக. பொட்டையானைக்கும் கொம்பு இருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு ஆச்சரியம். ஆனால் அவர் முதலில் கேட்டது, "வேலி எங்கடா தம்பி?" என்றுதான். வேலி எதுவும் கண்ணில் படவில்லை. யானை நின்ற புல்வெளி நேராக எங்கள் வண்டி வரைக்கும் வருகிற மாதிரி இருந்தது. "அக்கட்ட ஒரு குழி இருக்குது. அந்தப் புல்லு மேடாட்ட இருக்குதே, அதுக்கு அந்தப் பக்கம். அகழி வெட்டியிருக்கறாங்க." தம்பி கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அகழிதான். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாதபடி சரிவு வைத்து, செடி வைத்து மறைத்திருக்கிறார்கள். வனத்துறை வெட்டிய யானை அகழியை ஒட்டியே முப்பது வருஷம் விவசாயம் பார்த்தவருக்கு அதை எப்படி மறைக்க முடியும்?

சிங்கம் பாறை மேலே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் படுத்திருந்தது. அது அங்கே படுக்க விரும்புகிற மாதிரி பாறைக்குள் குளிர்சாதனம் வைத்திருக்கிறார்கள். இருட்டினதும் கொட்டகைக்கு வர, பழக்கின சத்தம் ஒன்று கொடுத்தால் போதும். இதெல்லாம் தம்பி படித்துச் சொன்னான். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வண்டியை விட்டு இறங்கும்போது சொன்னார்: "இதுகளுக்கு நேரத்துக்குத் தீனி விழுகுது. நம்மூரு ஆனை எங்க போகும், பாவம்."

வாழையை வருஷா வருஷம் யானைக்குக் கொடுக்கிறவர் சொன்ன வார்த்தை இது.

அந்தச் சவாரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. திறப்பதற்கு முன்பே 4 சீட்டா குட்டிகள் உட்பட பல விலங்குகள் அங்கே இறந்து, அமெரிக்க வேளாண் துறை விசாரித்தது. சட்ட மீறல் இல்லை என்று முடித்தார்கள். அந்தக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் பார்த்த வரைக்கும் விலங்குகளை அக்கறையோடு வைத்திருக்கிறார்கள், கண்ணியமாகக் காட்டுகிறார்கள். வாய்ப்பு இருக்கிறவர்கள் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள்.

என் கவலை, அங்கே பழகின கண்ணை நாம் இங்கே கொண்டு வருவதில்தான். யானை கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் பாதை, மரம், பாறை, தீனி, தூக்கம் எல்லாவற்றையும் மனிதன் செய்து வைக்க வேண்டும். அங்கே செய்திருக்கிறார்கள், அதனால் தெரிகிறது. காட்டில் அந்த உத்தரவாதத்தைக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

திரும்பி வந்து மூன்று மாசம் கழித்து ஆனைமலைக் காட்டிலிருக்கும் டாப்சிலிப் போனோம். வனத்துறை வண்டியில் ஒரு சுற்று. மிளா நான்கு, காட்டெருமை ஒரு கூட்டம், மரத்து மேலே கருமந்தி. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. காட்டெருமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தபோது வண்டிக்குள் மூச்சுச் சத்தம் கூட இல்லை. ஆனால் இறங்கினதும் பின்சீட்டுக் குடும்பம் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டது. புலி இல்லை, யானை இல்லை, காசைத் திருப்பிக் கொடு என்று. அந்த மனிதர் வியர்த்துப்போய் நின்றார். பத்து வயசுப் பையன் ஒருவன், "ஏமாத்திட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னான். எனக்கு வலித்தது அந்த வார்த்தைதான். ஆனைமலை யாரையும் ஏமாற்றவில்லை கண்ணு. அது உனக்காகத் திறந்து வைத்த கடையே இல்லை.

திம்பம் மலைப்பாதையிலும் இதேதான். 27 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு நடுவே. விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன என்றுதான் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் இராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தச் சொன்னது. பகலில் என்ன நடக்கிறது? யானை ரோட்டோரம் நின்றால் பத்து கார் நிற்கிறது, கதவு திறக்கிறது, கைப்பேசி நீள்கிறது. காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்கிறது. கரும்பை எறிந்து பழக்கினது நாம். நாளைக்கு அது ஒரு காரைப் புரட்டினால் "அட்டகாச யானை" என்று செய்தி போடுகிறவர்களும் நாம்.

சின்னத்தம்பி என்ற காட்டு யானையை எங்கள் பள்ளத்தாக்கு மறக்காது. 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் பக்கம் காட்டில் விட்டார்கள். அது நடந்தே வெளியே வந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டில் நின்றது. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு முகாமில் கூண்டில் வைத்தார்கள். பிடித்த அன்று எங்கள் ஊரில் அழுதவர்களை நான் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேர் அதனிடம் பயிரை இழந்தவர்கள். செங்கல் சூளைக்காகச் செம்மண் தோண்டி மலையடிவாரத்தைப் பள்ளமாக்கினது சின்னத்தம்பி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

"இங்கேயும் மலையடிவாரத்தில் அப்படி ஒரு சஃபாரி கட்டினால் என்ன?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கட்டுவதென்றால் மலையை விட்டுத் தள்ளி, யானை நடக்காத மண்ணில் கட்டட்டும். இங்கே செலவழிக்கக் காசு இருந்தால் பயிர் போன விவசாயிக்கு நஷ்டஈட்டை அந்த மாசமே கொடுக்கட்டும். யானை மேல் கோபம் வராமல் இருக்க அது ஒன்று போதும்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பின மூன்றாம் நாள் இராத்திரி, பக்கத்துத் தோட்டத்தில் வெடிச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். வாழைக்குள் மட்டை முறிகிற சத்தம். பையன் அவர் மடியில் ஒண்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அம்மாயி, இது எத்தன மணிக்குப் போகும்?"

"அதுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போகும் சாமி. நீ பேசாம இரு."

விடிந்து போய்ப் பார்த்தபோது பதினோரு மரம் சாய்ந்திருந்தது. மண் ஈரத்தில் பெரிய தடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தடம்.