வாய்க்காலைத் தாண்டினால்தான் பாண்டி

பாண்டிக்கு வந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் பார்ப்பது பாதி ஊர்தான். பீச் ரோடு, மஞ்சள் சுவர் முன்னால் நாலு போட்டோ, ஒரு கஃபே, மணக்குள விநாயகர், அதோடு கிளம்பிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் குடியிருந்த கடலோரப் பகுதியான ஒயிட் டவுனுக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவில் வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலை அவர்கள் தாண்டுவதில்லை. தாண்டினாலும் நேரு வீதியில் துணி எடுக்கத்தான். காந்தி சிலையிலிருந்து மேற்கே நடந்தால் வாய்க்காலுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தை நடக்காதவர்களுக்கு, கிழக்கே தாங்கள் பார்த்தது என்ன என்பதே பாதிதான் புரியும்.

முதலில் நாள். சனி, ஞாயிறு வேண்டாம். பெங்களூரும் சென்னையும் சேர்ந்து இறங்கும், தெருவே தெரியாது. திங்களன்று செயிண்ட் லூயி வீதியில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் விடுமுறை. பழங்கால வணிகத் துறையான அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களைப் பார்க்க வேண்டுமானால் அதுதான் இடம், தவற விடாதீர்கள். எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் 11 மணிக்கு மேல் நடப்பது உடம்புக்கு ஆகாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும்.

வண்டியை ஒயிட் டவுனுக்குள் கொண்டுவராதீர்கள். நிறுத்த இடம் இருக்காது, ஒருவழிப் பாதைகள் சுற்றிச் சுற்றி விடும், மாலை 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளுக்கு அனுமதியும் இல்லை. வாடகை ஸ்கூட்டி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஆதாரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். உண்மையில் இந்தப் பகுதிக்கு ஸ்கூட்டியும் ஆட்டோவும் தேவையில்லை. செருப்பு நல்லதாக இருந்தால் போதும்.

வழி தவறவும் வாய்ப்பில்லை. தெருக்கள் கட்டம் போட்டது போல நேராக ஓடும். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது வரையப்பட்ட திட்டம்தான் இதற்கு அடிப்படை. கடல் கிழக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரோமன் ரோலண்ட் வீதி, துய்மா வீதி போன்றவை கடலுக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகின்றன. காலையில் இவற்றின் மேற்கு வரிசை வீடுகள் மேல் வெயில் நேராக விழும். கிழக்கு வரிசை ஓரமாக நடந்தால் நிழல். மாலையில் அப்படியே தலைகீழ். படம் எடுப்பவர்களுக்கு இது போதும்: காலையில் மேற்கு வரிசை, மாலையில் கிழக்கு வரிசை. நண்பகலில் எடுத்தால் மஞ்சள் வெளிறிப் போகும், ஜன்னல் கட்டைகளின் நிழலும் கிடைக்காது.

காலை ஐந்தேமுக்காலுக்கு பீச் ரோட்டில் இருங்கள். சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊர்ப்பக்கம். மாலையில் கடலில் அஸ்தமனம் பார்க்கலாம் என்று வந்து ஏமாறுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் ஏறாதீர்கள். பாசி படிந்த கல் வழுக்கும். இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும். கல் கொட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள். தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மணலை அவை மறித்துவிட்டன, வடக்கே இருந்த கரை கரைந்துபோனது. தலைமைச் செயலகம் அருகே இப்போது தெரியும் மணல், 2018 வாக்கில் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு போட்ட பிறகு திரும்பச் சேர்ந்தது. அங்கே காலை நனைக்கலாம், குளிக்க வேண்டாம்.

இனி வீடுகள். ஒயிட் டவுனில் தெருவில் நின்று பார்த்தால் பெரும்பாலும் சுவர்தான் தெரியும். உயரமான மதில், ஒரு பெரிய கேட், அவ்வளவுதான். தோட்டம், வளைவுத் தூண்கள், காற்று வாங்கும் வராந்தா எல்லாம் உள்ளே. அந்த வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. எல்லோரும் சுவர் முன்னால் நின்று படம் எடுக்கக் காரணமும் அதுவே: தெருவில் நிற்பவருக்கு அந்த வீடு கொடுப்பது அது ஒன்றுதான். இன்னொன்று, 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இந்தப் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று பார்ப்பது பெரும்பாலும் 1765-க்குப் பிறகு எழும்பியது. மஞ்சளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கரை போட்ட கட்டடங்கள் வந்தால், அவை பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தவை. ஆசிரமத்துக்குள் போகிறவர்களுக்கு: மதியம் 12 முதல் 2 வரை மூடியிருக்கும், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதியில்லை.

துய்மா வீதியை ஒட்டியிருக்கும் கப்ஸ் கோயிலுக்குள் கட்டாயம் போங்கள். 1855-ல் கட்டி முடித்த தேவாலயம். உள்ளே சுவர்ப்பூச்சின் வழவழப்பை அருகில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள். நம் கொத்தனார்களின் கைவேலை.

பிறகு வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிக்கு வந்து, அதற்கும் காந்தி வீதிக்கும் நடுவில் இருக்கும் வைசியாள் வீதிக்குள் நுழையுங்கள். கால்வே சுப்பராய செட்டி வீதி என்றும் பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் உழைப்பும் சேர்ந்து இந்தத் தெருவின் முகப்புகளை மீட்டெடுத்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. இங்கே வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. முதலில் மரத்தூண் தாங்கும் ஓட்டுச் சரிவுத் தாழ்வாரம், வழிப்போக்கர் ஒதுங்க. அதற்கு உள்ளே திண்ணை, தெரிந்தவர் உட்கார. கதவைத் தாண்டி நடை (ரேழி), பிறகு முற்றம். எந்த இடம் வரை யார் வரலாம் என்பதைச் சுவரே இல்லாமல் சொல்லிவிடும் கட்டுமானம் இது.

இப்போது தலையை உயர்த்தி மாடியைப் பாருங்கள். கீழே முழுக்கத் தமிழ் வீடு. மேலே வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய தூண், கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குட்டித் தூண்கள், எல்லாம் பிரெஞ்சு. ஒரே வீட்டில் இரண்டும். பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இதே கலவைதான்: கீழே மரத்தூண், மேலே ஐரோப்பியத் தூண் வரிசை. இவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். மாளிகைக்குள் போக முன் அனுமதி வேண்டும். பாண்டியின் கட்டடக்கலை என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கலவை வீடுகள்தான் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சள் சுவர் ஊரின் ஒரு துண்டு.

ஒரு பழைய வீடு நன்றாகப் பராமரிக்கப்படுகிறதா என்பதைத் தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம். தரையிலிருந்து மூன்று அடி வரை சுவரைப் பாருங்கள். பழைய செங்கல் சுவரில் நில ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ ஈரம் உள்ளேயே அடைபடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளும். பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும், செங்கல் மாவாக உதிரும். இரண்டு வருடத்துக்கொருமுறை மஞ்சள் பெயிண்ட் அடித்து மறைத்தாலும் அடியில் சுவர் செத்துக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க எளிது: சுண்ணாம்புச் சுவரின் மூலைகள் மழுங்கியிருக்கும், சிமெண்ட் மூலை கத்தி போல் இருக்கும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கஃபே திறக்கிறவர்கள் சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடிப் பிடிக்காமல் சிமெண்ட் மூட்டையை இறக்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பழைய மாளிகையில் நடக்கும் கஃபேக்குப் போனால், காபி வரும்வரை போனைப் பார்க்காமல் கூரையைப் பாருங்கள். நெருக்கமாகப் போட்ட மர உத்தரங்கள், அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் கோணமாக அடுக்கிய வரிசை. அதுதான் மெட்ராஸ் டெரஸ். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருப்பார்கள். கம்பி, கான்கிரீட் எதுவும் கிடையாது.

சாப்பாட்டில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பகெட் என்னும் நீளமான பிரெஞ்சு ரொட்டியைக் காலையில் வாங்கி மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் மேல் தோல் சீக்கிரம் மொறுமொறுப்பு போய்த் தோல் மாதிரி இழுக்கும். காகிதப் பையில்தான் வைக்க வேண்டும். ஊருக்கு எடுத்துப்போக நினைக்காதீர்கள். மது பாட்டிலையும்தான், தமிழ்நாட்டு எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது, பிடித்தால் வழக்கு.

ஒரு வேண்டுகோள். இரண்டு பகுதியிலும் இருப்பவை வீடுகள், ஆட்கள் குடியிருக்கிறார்கள். திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தால் நேராக கேமராவை நீட்டாமல், "படம் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், சில சமயம் முற்றத்தையும் காட்டுவார்கள். கல்யாண ஷூட்டிங் என்று தெருவை மறித்துப் புகைக்குண்டு போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சுண்ணாம்புச் சுவரில் சாயவும் வேண்டாம். சட்டையும் போகும், சுவரும் போகும்.

ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காதவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு வைசியாள் வீதியில் தொடங்குங்கள். நேரம் ஆக ஆக காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் கடைகள் பரவிவிடும், நடக்கக்கூட இடமிருக்காது. அதற்குள் பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஒயிட் டவுனுக்கு எட்டரைக்கு வந்தால் சாவகாசமாகச் சுற்றலாம். சென்னை திரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்து 2 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், மாலையில் ஈசிஆர் நகராது.