அடுத்த கிழமை வாருங்கள்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழரை மணிக்கு எங்கள் விறாந்தையில் மூன்று நாட்டு மாநாடு கூடுகிறது. அம்மா சாய்மனைக் கதிரையில் இருப்பார். முன்னால் ஸ்டூலில் தண்ணீர்ச் செம்பு, அதில் சாய்த்த கைப்பேசி. திரையின் ஒரு கட்டத்தில் ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை. அவளுக்கு இன்னும் ஞாயிறு இரவு முடியவில்லை. மற்றக் கட்டத்தில் அவளுடைய மகன், பிலிப்பைன்ஸின் செபுத் தீவில். அங்கே காலை பத்து மணி. அவனுக்குப் பின்னால் கொடியில் ஐந்தாறு வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் கையால் தோய்த்தவை. கனடாவில் இருபது வயது வரை தன் காலுறையைக்கூடத் தோய்த்தறியாத பிள்ளை.

என் மருமகன் ஒரு மோர்மன் ஊழியக்காரன். அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபைக்காக வீடு வீடாகப் போய் மதம் சொல்கிறவன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பரம்பரையாகப் பிள்ளையாருக்குத் திருவிழாச் செய்துவரும் குடும்பத்தின் பேரன். இதை முகநூலில் எழுதலாமா என்று தங்கையைக் கேட்டேன். "ஊருக்குத் தெரியாத இரகசியமா? எழுதுங்கள் அண்ணா" என்றாள்.

மோர்மன் என்று சொன்னால் அவன் திருத்துவான். அந்தப் பெயரைப் பாவிக்க வேண்டாம் என்று 2018இல் அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் சொல்லிவிட்டாராம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுதாகச் சொல்ல வேண்டுமாம். சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். தேத்தண்ணீரும் அவர்களுக்கு விலக்கு. கோப்பியும் அப்படியே, மதுவும் புகையிலையும் அப்படியே. பள்ளிக்கூட நண்பன் ஒருவனோடு போய்ப் பழகி, பதினெட்டு வயது நிறைந்த கிழமையே ஞானஸ்நானம் பெற்றான். அதற்கு முன்னர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அந்தச் சபையின் விதி. தகப்பன் சம்மதிக்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். பிறகு இரண்டு வருடம் வேலை செய்து ஊழியத்துக்குக் காசு சேர்த்தான். வேலை எங்கே என்று நினைக்கிறீர்கள்? கோப்பிக் கடையில்.

ஆம், ஊழியத்துக்குப் போகிறவர்களின் சொந்தக் காசுதான். சபை சம்பளம் கொடுத்து அனுப்புகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இருந்து போகிற பிள்ளைக்கு 2020 யூலை முதல் மாதம் 500 டொலர். அதைப் பிள்ளையோ குடும்பமோ கட்ட வேண்டும். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்று தெரிவு செய்யவும் முடியாது. கடிதம் வரும், போக வேண்டியதுதான். உலகம் முழுவதும் இப்படி 70,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

இனி அவனுடைய கிழமையைச் சொல்கிறேன். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். உடற்பயிற்சி, குளிப்பு, சாப்பாடு, வேத வாசிப்பு, மொழிப் படிப்பு. பிறகு தெரு. இரவு ஒன்பது மணியளவில் அறைக்குத் திரும்பி, பத்தரைக்குள் படுக்கை. தனியாக ஒரு கடைக்கும் போக முடியாது. அமெரிக்காவின் யூட்டாவில் இருந்து வந்த ஒரு பெடியன்தான் இப்போதைய துணை. இருவரும் எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட வேண்டும். கழிப்பறை விதிவிலக்கு. ஆறு கிழமைக்கு ஒரு முறை மாற்றம் வரும். ஊர் மாறலாம், துணை மாறலாம். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். கந்தசஷ்டிக்கு ஒரு வேளை பட்டினி கிடக்கச் சொன்னதற்குத் தாயோடு சண்டை பிடித்தவன் இவன்தான்.

திங்கள் மட்டும் அவனுடைய நாள். அதுவும் முழுதாக இல்லை, பின்னேரம் வரைதான். அதற்குள் தோய்க்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், தலைமயிர் வெட்ட வேண்டும், வீட்டோடு பேச வேண்டும். 2019 பெப்ரவரிக்கு முன்னர் என்றால் வீட்டாரோடு பேச வருடத்தில் இரண்டே நாள்தான்: கிறிஸ்மஸ், அன்னையர் தினம். மற்ற நாட்களில் மின்னஞ்சலும் கடிதமும் மட்டும். அந்த விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் என் அம்மாவிடம் அகப்படாதது அவர்களுடைய நல்ல காலம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லாமல், ஜேர்மனியில் இருந்த என் அண்ணாவின் கடிதத்துக்கு மாதக்கணக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசி அவர். அது போர். இவர்கள் சும்மா இருந்த தாய்மாருக்கு அதை விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். இது சரி என்று எவர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊழியத்தில் சொந்தப் பெயர் இல்லை. எல்டர் என்று போட்டு, பின்னால் குடும்பப் பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கனடாக் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது தகப்பனின் பெயர். ஆகவே அவனுடைய சட்டைப்பையில் குத்தியிருக்கும் கறுப்புப் பட்டியில் என் மைத்துனரின் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. மகன் மதம் மாறிய நாளில் இருந்து மகனோடு பேசாத மனிதரின் பெயரைச் செபுத் தீவில் தெருவெல்லாம் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை அழைப்பில் மைத்துனர் தோன்றுவதில்லை. ஆனால் தங்கையின் கண் அடிக்கடி இடப்பக்கம் போய்வரும். அங்கே யார் இருக்கிறார் என்று நாங்கள் எவரும் கேட்பதில்லை.

நான் எழுத வந்தது இதற்காக இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னர் அம்மா அவனிடம் கேட்டார்: "அங்கே யாரும் ஏசுகிறார்களா அப்பு? நாயை அவிழ்த்து விடுகிறார்களா?" அவன் தன்னுடைய உடைந்த தமிழில் சொன்னான்: "ஏசுகிறவர்கள் நல்லவர்கள் அம்மம்மா. 'சுனோட் செமானா' சொல்கிறவர்கள்தான் கஷ்டம்." செபுவானோ மொழியில் அதற்கு 'அடுத்த கிழமை' என்று பொருள். வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு, வியாழன் ஆறு மணிக்கு வாருங்கள் என்பார்கள். இவர்கள் கைப்பேசியில் குறித்து, அதைச் சுற்றி மற்ற வேலைகளை அடுக்கி, மழையில் நனைந்துகொண்டு போவார்கள். வீட்டில் விளக்கு எரியும். கதவைத் தட்டியதும் விளக்கு அணையும். உள்ளே பிள்ளைகளை வாயைப் பொத்தச் சொல்லும் சத்தம் கேட்கும். ஒரு கிழமையில் குறிக்கிற சந்திப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. இதில் கிழமைக்குக் கிழமை கணக்கும் ஒப்புவிக்க வேண்டும்: எத்தனை பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் திகதி வைத்தாயிற்று.

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருடம் ஆயுள் காப்புறுதி முகவராக இருந்தவன் நான். ரலி சைக்கிளில் இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று ஒழுங்கை ஒழுங்கையாக மிதித்தவன். எங்களுக்கும் திங்கள் காலையில் கூட்டம் உண்டு, கரும்பலகையில் பெயரும் இலக்கமும் உண்டு, குறைந்தவனை எழுப்பி நிறுத்துகிற வழக்கமும் உண்டு. "வேண்டாம்" என்ற சொல்லை என்னிடம் நேராகச் சொன்னவர்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் மரியாதையானவர்கள். "தைப்பொங்கல் முடியட்டும்" என்பார்கள். "மகன் கொழும்பில் இருந்து வரட்டும், கதைத்துவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். ஒரு வாத்தியார் ஏழு தடவை வரச்சொன்னார். ஏழு தடவையும் தேத்தண்ணீர் தந்தார். எட்டாவது தடவை போனபோது அவர் வேறொருவரிடம் காப்புறுதி எடுத்திருந்தார், ஏழாவது தடவைக்கும் முன்னமே.

இவ்வளவு பட்டவன் என்ன செய்தேன் என்று கேளுங்கள். எங்கள் ஒழுங்கைக்கு மாதம் ஒரு முறை இரண்டு பெண்கள் வேதப் புத்தகத்தோடு வருவார்கள். வேறு சபை, வேறு போதனை. மோர்மன்களைத் தங்களில் ஒருவராக அவர்கள் ஏற்கமாட்டார்கள். படலைச் சத்தம் கேட்டால் நான் குசினிக்குள் போய்விடுவேன். அகப்பட்ட நாட்களில், "இப்போது கொஞ்சம் வேலை, அடுத்த கிழமை வாருங்கள்" என்பேன். அவர்கள் அதைச் சின்னக் கொப்பியில் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்.

மதமாற்றக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் கீழே வந்து எழுதுவீர்கள். வாங்கவில்லை. போர் முடிந்த கையோடு வன்னியில் அரிசிப் பையையும் பிரார்த்தனையையும் ஒரே கையில் நீட்டியவர்களைப் பற்றி நானே இங்கே காரமாக எழுதியிருக்கிறேன். பசியில் இருப்பவனிடம் மதம் பேசுவது வியாபாரத்திலும் கேடானது. மருமகனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவனுடைய சபையின் கதையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜோசப் ஸ்மித் என்பவர் பொன் தகடுகளைக் கண்டெடுத்து, அவற்றில் இருந்ததை மொழிபெயர்த்து 1830இல் மோர்மன் புத்தகமாக வெளியிட்டாராம். தகடுகளைத் தேவதூதர் திரும்ப வாங்கிக்கொண்டாராம். நான் சிரித்தபோது அவன் கேட்டான்: "தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் இருந்தன, வைகையில் ஏடு எதிர்த்து ஏறியது என்று அம்மம்மா சொல்வாரே மாமா?" பதில் சொல்லாமல் செம்பை நேராக்கி வைத்தேன்.

நம்பாதவன் நம்பவில்லை என்று வாய் திறந்து சொல்லலாம் என்பதுதான் என் கட்சி. எங்கள் ஊருக்கு அந்தத் துணிவு முன்பு இருந்தது. மருமகனின் சபை தோன்றியதற்கு 14 வருடம் முன்னமே, 1816இல், அமெரிக்க மிசன்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் பள்ளிக்கூடம். நாவலர் பெருமான் குசினிக்குள் ஒளிக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கினார். பிறகு வண்ணார்பண்ணையில் எழுந்து நின்று மறுத்துப் பிரசங்கம் செய்தார், 1848இல் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், அச்சகம் போட்டார். வாதம் கடுமையானது, சில இடங்களில் இன்றைக்கு வாசிக்கக் கூசும் அளவுக்குக் கடுமையானது. ஆனால் எதிராளிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருந்தது.

அந்த மிசன்காரரைப் பற்றிச் சொன்னால் ஒரு பொருமலும் வந்துவிடுகிறது. 1847இல் வந்த மருத்துவர் கிறீன் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வின்சுலோ 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு தமிழ் அகராதி வெளியிட்டார். எங்கள் பிள்ளை? ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று காருக்குள் இருந்து அழுதவன், யூட்டாவில் சில கிழமைப் பயிற்சியோடு இறங்கி, ஒரு வருடத்தில் செபுவானோவில் பகிடி விடுகிறான். மோர்மன் புத்தகம் தமிழிலும் இருக்கிறதாம், அம்மம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று போன மாதம் கேட்டான். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் அப்பு. எனக்குத் தேவாரம் போதும். நீ அதைத் தமிழில் வாசித்துப் பழகு, பிழையை நான் திருத்துகிறேன்." அவனுக்கு முகம் விழவில்லை. சிரித்தான். இப்போது திங்கள்தோறும் ஐந்து நிமிடம் அந்தப் புத்தகத்தை அவன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். அம்மா ழகரத்தைத் திருத்துகிறார். சொல்லப்படுகிற சங்கதியை அவர் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம், விளக்கு வைக்கும் நேரம், படலை சத்தமிட்டது. அதே இரண்டு பெண்கள். கால் தானாகக் குசினிப் பக்கம் திரும்பியது. நிறுத்தி, வெளியே போனேன். "தங்கச்சிமார், நான் சைவம். மாறுகிற எண்ணம் இல்லை. இந்த வீட்டுக்கு இனி வர வேண்டாம். நடந்து வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. மூத்தவர் கொப்பியைத் திறந்து எங்கள் வீட்டு வரியை ஒரு கோட்டால் வெட்டினார். அந்த வரிக்கு நேரே எட்டுத் திகதிகள் இருந்தன. எல்லாம் நான் சொன்ன அடுத்த கிழமைகள்.

செம்புத் தண்ணீரை இருவரும் அண்ணாந்து குடித்தார்கள். "பக்கத்து வீட்டு ஐயா இன்றைக்கு வரச்சொன்னவர்" என்று இளையவர் மதிலைக் காட்டினார். நானும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து விறாந்தையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது.