வெந்நீர் 110 டிகிரி

ஓர் அறையில் 6 நோயாளிகளுக்கு மேல் கூடாது. ஆளுக்கு 80 சதுர அடி. 8 பேருக்கு ஒரு கழிப்பறை, 15 பேருக்கு ஒரு ஷவர். குழாயில் வரும் வெந்நீர் 110 டிகிரி ஃபாரன்ஹீட். கட்டடத்துக்குள் வெப்பம் 68-க்குக் கீழே இறங்கக் கூடாது, 83-ஐத் தாண்டவும் கூடாது.

இவை ஒரு நீதிமன்ற உத்தரவின் வரிகள். 1972 ஏப்ரலில், அமெரிக்காவின் அலபாமாவில், ஃபிராங்க் ஜான்சன் என்ற ஃபெடரல் நீதிபதி எழுதியது.

டஸ்கலூசாவில் இருந்த பிரைஸ் மனநல மருத்துவமனையில் அப்போது சுமார் 5,000 பேர். ஒரு நோயாளியின் ஒருநாள் சாப்பாட்டுக்கு 50 சென்ட்கூடச் செலவழிக்கவில்லை. மனநலச் சேவைக்கு ஒதுக்கிய சிகரெட் வரி வருமானம் குறைந்ததென்று 1970-ல் 99 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்துதான், ஒரு நோயாளியின் பெயரைத் தாங்கிய 'வயாட்' வழக்கு கிளம்பியது. சம்மதமில்லாமல் அடைத்து வைத்தால் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், அது அரசியலமைப்பு தந்த உரிமை என்று 1971-ல் சொன்ன ஜான்சன், மாநிலத்துக்கு 6 மாத அவகாசமும் கொடுத்தார். ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. பிறகுதான் இந்த அளவுகள் வந்தன.

நீதிபதி மருத்துவமனை நடத்தலாமா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நிபுணர்கள் சாட்சி சொல்லி, பெரும்பாலானவற்றை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே அவை உத்தரவாயின. 'போதுமான மருத்துவர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால், இருக்கிற பணத்துக்கு இதுதான் போதும் என்று அரசு கைவிரித்திருக்கும். 250 நோயாளிகளுக்கு 2 மனநல மருத்துவர், 4 பொது மருத்துவர், 12 பதிவுபெற்ற நர்ஸ் என்று எழுதினால், வார்டுக்குள் போய்த் தலையை எண்ணினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பணமில்லை என்பதையும் அவர் சாக்காக ஏற்கவில்லை. அளவில்லாத உத்தரவு நீர்மேல் எழுத்துதான்.

கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கமரிக்கு நடந்த ஊர்வலத்திலும் இதே கைதான். 1965 மார்ச்சில், விசாரணை முடியும்வரை போகக் கூடாதென்று முதலில் தடுத்தார். அதில் ஊர்வலக்காரர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் 17-ஆம் தேதி அனுமதித்தபோது, சாலை இரு தடமாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் கூடாது என்று அளவு வைத்தார். அரசு வாதாடப் போக்குவரத்துச் சாக்கு மிஞ்சவில்லை. 25-ஆம் தேதி ஊர்வலம் மான்ட்கமரி போய்ச் சேர்ந்தது.

இவர் 1918-ல் வட அலபாமாவில் பிறந்தவர், வெள்ளையர். அவரை எதிர்த்து அரசியல் செய்த ஆளுநர் வாலஸ், சட்டக் கல்லூரியில் கூடப் படித்தவர். ஜான்சனை 1955-ல் அதிபர் ஐசனோவர் நீதிபதியாக நியமித்தார். அடுத்த ஜூனிலேயே, மான்ட்கமரி பேருந்துகளில் நிறம் பார்த்து உட்கார வைப்பது செல்லாது என்று 2-1 தீர்ப்பு. அந்த இருவரில் ஒருவர் இவர். 1967-ல் அவருடைய அம்மா வீட்டில் குண்டு வைத்தார்கள். அம்மா தப்பினார்.

1979-ல் அதிபர் கார்ட்டர் அவரை ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். 1981-ல் அது பிரிந்தபோது பதினொன்றாவதற்குப் போனார். பதவி பெரிதுதான். ஆனால் அங்கே சாட்சிக் கூண்டு கிடையாது. மூன்று நீதிபதிகள், கீழ்க்கோர்ட்டின் பதிவேடு, அங்கே சட்டப் பிழை நடந்ததா என்ற கேள்வி, அவ்வளவுதான். நேரில் கேட்டு, எண்ணி, அளந்து எழுதத் தெரிந்தவரை அங்கே உட்கார வைத்தது இழப்பு என்றே சொல்வேன்.

அங்கேயும் 1985-ல் ஒன்று எழுதினார்: வயது வந்த இருவரின் படுக்கையறைக்குள் நுழையும் ஜார்ஜியாவின் 'சோடமி' தடைச் சட்டம் (வாய்வழி, ஆசனவழி உறவைக் குற்றமாக்கியது), தகுந்த காரணத்தை நிரூபிக்காமல் நிற்காது என்று. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதைக் கவிழ்த்தது. அது தவறான தீர்ப்பு என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது 2003-ல். ஜான்சன் 1999-லேயே இறந்துவிட்டார். வயாட் வழக்கை முடித்து வைத்ததும் அதே 2003-ல்தான், தொடுத்து 33 ஆண்டுகள் கழித்து.