ஊமத்தை அயாவாஸ்கா இல்லை

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "அமேசான் காட்டு அயாவாஸ்காவை ஒரே ஒருமுறை குடித்தால் மனச்சோர்வு போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம். நம்ம ஊர் ஊமத்தையிலும் அதே சத்துதான்." எல்லாமே தவறு. அயாவாஸ்கா என்பது அமேசான் பகுதியில் ஒரு கொடியையும் இலையையும் சேர்த்துக் காய்ச்சும் கஷாயம், இல்லாத காட்சிகளைக் காட்டும்.

முதலில் ஊமத்தை, ஏனென்றால் அது பாலாற்றங்கரையில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அயாவாஸ்காவில் அந்தக் காட்சிகளைக் காட்டுவது டிஎம்டி என்ற ரசாயனம். ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபாலமினும். முள்ளுக்காய்க்குள் இருக்கும் விதை பார்க்க மிளகாய் விதை மாதிரியே இருக்கும். தின்றால் நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, நெஞ்சு படபடத்து, எதிரில் இல்லாத ஆளோடு பேச வைக்கும். ஞானம் இல்லை, நஞ்சு. உயிரே போகலாம். யாராவது தின்றுவிட்டால் உடனே 108.

அயாவாஸ்கா கொடியில் உள்ள ஹார்மின் என்ற ரசாயனம், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். தவிர, டிஎம்டியும், அதுபோலவே காட்சி காட்டும் சிலவகைக் காளானில் உள்ள சிலோசைபினும் 1985 போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருப்பவை. அரசின் இந்தியா கோட் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

சரி, "ஒரே முறை போதும்" என்பது? மனச்சோர்வுக்குச் சிலோசைபினைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில்கூட, மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்து பேசுவது உண்டு. மருந்து எடுத்த அன்று கண்டதை வீட்டுக்கும் வேலைக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பாதி வேலை. ஃபார்வர்டில் அந்தப் பாதியே காணோம்.

எதையாவது எடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், இலவசம். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையமும் இருக்கிறது. செய்தி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும்.