நுங்கு வண்டியின் ஆயுள்

கண்காட்சிகளில் நுங்கு வண்டியை மேசைமேல் வைத்து, ‘தொடாதீர்கள்’ என்று அட்டையும் எழுதி வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனத்தாங்கல் ஏற்படுகிறது; ஏனெனில் நுங்கு வண்டி என்பது வைத்துப் பார்ப்பதற்கான பொருளே அன்று, மூன்று நான்கு நாள்களில் செத்துப்போகும் பொருள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் பனங்காயின் தலையைச் சீவித் தருவார்கள். மூன்று கண்களிலும் பெருவிரலை விட்டு நுங்கை உறிஞ்சிக் குடித்தபின், ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு வெறுங்காய்களைப் பொறுக்கி, ஒரு சாண் குச்சியின் இரு முனைகளிலும் குத்தி, அந்தக் குச்சியைக் கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் அதுதான் வண்டி. குச்சி காயின் நடுவில் இறங்காவிட்டால் சக்கரம் நொண்டும். காய்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் வண்டி சிறிய காயின் பக்கமாகவே திரும்பும். இவற்றை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நொண்டிய வண்டியே சொல்லித் தந்தது. வெயிலில் காய் வற்றத் தொடங்கியதும் துளை தளர்ந்து, சக்கரம் கழன்று உருண்டுவிடும். உடனே வேறு காய் தேட வேண்டும். ஒரு கோடையில் பத்து வண்டியாவது செய்ததால்தான் அந்த வேலை கையில் படிந்தது.

பூவரச இலைப் பீப்பீயும் கருவேல முள்ளில் சுழலும் ஓலைக் காற்றாடியும் இதே இனம்தான்; மாலைக்குள் வாடிவிடும்.

எல்லாப் பொம்மையையும் பிள்ளைகளே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தச்சன் செய்த சிறுதேரைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் பாடலே காட்டுகிறது. தச்சனுக்குக் கொடுக்கக் காசில்லாத வீடுகளில்தான் பனங்காய் சக்கரமானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. நகரத்துச் சாலையோரத்தில் நுங்கைச் சுளையாக எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். சக்கரமாகியிருக்க வேண்டிய காய் வெட்டுப்பட்டு அங்கேயே குவிந்து கிடக்கிறது. சென்ற கோடையில் சுளையாக வேண்டாம், காயாகவே சீவித் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வந்து, என் தங்கை மகனிடம் கொடுத்தேன். அவன் செய்த முதல் வண்டி நான்கடி ஓடிக் கவிழ்ந்தது. துளையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தவன், “மாமா, இன்னொரு காய் இருக்கா?” என்று கேட்டான்.