மருந்தியலுக்கு எம்பிபிஎஸ் கட்டாயமா?

"மருந்தியல் படிக்க எம்பிபிஎஸ் வேண்டும், இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்தான் கதி" என்று கோத்தகிரி, குன்னூர் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு. மருந்தியல் என்பது மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் துறை. எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கான 3 வருட எம்.டி.யை மட்டும் பார்த்துவிட்டு யாரோ எழுதியிருக்கிறார்கள் போல. நீட் இல்லாமலே 4 வருட ஃபார்மசி பட்டப்படிப்பான பி.ஃபார்ம் சேரலாம், அப்புறம் 2 வருட எம்.ஃபார்மில் மருந்தியல் எடுக்கலாம்; ஊட்டி ஜேஎஸ்எஸ் ஃபார்மசி கல்லூரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. மெடிக்கல் ஷாப்புக்கு ஃபார்மசி டிப்ளமோவான டி.ஃபார்மே போதும், இவ்வளவு படிப்பானேன்?

சரி, எது எந்த அளவில் நஞ்சாகிறது என்று ஆராயும் நச்சியல்? புது மருந்தோ தேயிலைக்கு அடிக்கிற பூச்சிமருந்தோ, விற்பனைக்கு வருமுன் சோதனை எலியின் ஈரலை மெல்லிய சீவலாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அளவில் பாதிப்பு தொடங்குகிறது என்று குறித்துவைக்க ஆள் வேண்டும். தடய அறிவியல் கூடங்களிலும் நச்சியல் பிரிவு உண்டு. அங்கே வேதியியல் படித்தவர்களும் போகலாம்.